புது இன்ஜெக்டர்: பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டலாமா, டெஸ்டரில் போட்டுப் பார்க்கணுமா?

பத்துச்சக்கரம் (நாமக்கல்) எழுதியது:

வணக்கம். வண்டி 10 சக்கர லாரி, பிஎஸ் 3 (பழைய புகை விதிப்படி வந்தது), ஆறு சிலிண்டர், இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி பைப்பில் டீசல் தள்ளுகிற பம்ப்). காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை கிளம்பிக் கண்ணெல்லாம் எரிகிறது. இன்ஜின் சூடானதும் அடங்கிவிடும். லோடோடு ஏற்றத்தில் மிதித்தால் கறுப்புப் புகை. சேலத்திலிருந்து தர்மபுரி போகையில் தொப்பூர் ஏற்றத்தில் முன்பு ஏறியதைவிட ஒரு கியர் குறைத்தால்தான் நகர்கிறது. டீசலும் கூடக் குடிக்கிறது.

பம்ப்பைப் போன தீபாவளிக்குத்தான் இறக்கி காலிபரேஷன் செய்தோம். அதனால் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்தான் போயிருக்கும் என்றார் மெக்கானிக். பீய்ச்சுகிற நுனியான நாசிலை மட்டும் மாற்றாமல், அதைப் பிடித்திருக்கும் ஹோல்டரோடு முழு செட்டாக ஆறும் புதுசு வாங்கிவிட்டேன். இப்போது ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மெக்கானிக், "புதுசுதானே, பிரிச்சு மாட்டிடலாம்" என்கிறார். பம்ப் கடைக்காரர், "கொண்டு வாங்க, டெஸ்டரில் அடித்துப் பார்த்துட்டுத் தரேன்" என்கிறார். கம்பெனியில் பார்க்காமலா பெட்டியில் போடுவார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சங்ககிரி லாரி எழுதியது:

பம்ப் கடைக்காரர் ஆறுக்கும் டெஸ்டிங் சார்ஜ் போடுவார், அவ்வளவுதான் விஷயம். பேசாமல் மாட்டிட்டு லோடுக்குப் போங்க.


பம்ப்கடை (ஈரோடு) எழுதியது:

சார்ஜ் வாங்குவோம், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. மாட்டின பிறகு ஒன்று ஒழுகினால் மறுபடி இறக்குகிற கூலி, நின்றுபோன லோடு எல்லாம் யார் தலையில் விழும் என்று சங்ககிரி அண்ணன் சொல்லட்டும்.

கம்பெனியில் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் நீங்கள் வாங்கியது கம்பெனியிலேயே முடுக்கின செட்டா? அதை முதலில் பாருங்கள். நம் பக்கம் பல கடைகளில் ஹோல்டர் ஒரு பெட்டியில் வரும், நாசில் இன்னொரு பெட்டியில் வரும். கடையிலேயே இரண்டையும் சேர்த்து முடுக்கி, முழு செட் என்று கொடுத்துவிடுவார்கள். நாசிலும் நல்ல சரக்கு, ஹோல்டரும் நல்ல சரக்கு. ஆனால் ஸ்பிரிங்குக்கு மேல் எவ்வளவு கனத்தில் ஷிம் (மெல்லிய தகடு வளையம்) கிடக்கிறது, எத்தனை பார் பிரஷரில் திறக்கிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் அலமாரியில் வருஷக்கணக்கில் கிடந்த சரக்கு. துரு பிடிக்காமல் இருக்க உள்ளே தடவிய எண்ணெய் பிசினாக இறுகி, நாசிலுக்குள் டீசலைத் திறந்து மூடுகிற ஊசி, அதாவது நீடில், ஒட்டிக்கொள்ளும். நீடிலுக்கும் அது ஓடுகிற துளைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி 2 முதல் 4 மைக்ரான்தான். தலைமுடியை இருபதாகக் கிழித்தால் வருகிற கனம். அதற்குள் கொஞ்சம் பிசின் போதும்.

டெஸ்டரில் என்ன நடக்கிறது என்று கேட்பீர்கள். கைப்பிடியை மெதுவாக அழுத்திக்கொண்டே போனால் கேஜ் முள் ஏறி, ஒரு இடத்தில் சடக்கென்று விழும். அதுதான் திறக்கும் பிரஷர். உங்கள் இன்ஜினுக்கு எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும். பழைய லாரி இன்ஜின்களில் பெரும்பாலும் 180 பாருக்கும் 250 பாருக்கும் நடுவில் வரும். புது ஸ்பிரிங்குக்கு என்று தனி அளவு போட்டிருந்தால் அதையே வைக்கணும். அது கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் ஓட ஓட ஸ்பிரிங் அமர்ந்து பிரஷர் இறங்கும்.

அடுத்தது ஒழுகல். நுனியைத் துடைத்துவிட்டு, திறக்கும் பிரஷருக்கு 20 பார் கீழே முள்ளை நிறுத்தி 10 வினாடி பிடிக்கணும். நுனி லேசாக ஈரமாகலாம். சொட்டு சேர்ந்து விழுந்தால் அதை மாட்டவே கூடாது. உங்கள் காலை நேர வெள்ளைப் புகைக்கு இப்படி ஒழுகுகிற நாசில்தான் காரணமாக இருக்கும். எரியாத டீசல் புகையாக வெளியே வருகிறது, மிச்சம் லைனர் சுவரில் இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருக்கிறதா பாருங்கள்.

திறக்கும் பிரஷர் குறைவாக இருந்தால் டீசல் முன்கூட்டியே உள்ளே போகும், துளியும் பெரிசாக விழும். இன்ஜின் நாக் அடிக்கும், கறுப்புப் புகை வரும். அப்படியே விட்டால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழுகிற வரைக்கும் போகும். ஆறில் ஒன்று மட்டும் 25 பார் கீழே இருந்தாலும் அந்த சிலிண்டர் தனி ராகம் பாடும். அதனால் ஆறும் ஒரே அளவில் இருக்கணும். ஒன்றுக்கொன்று 5 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் கொடுக்க மாட்டேன்.


பத்துச்சக்கரம் எழுதியது:

ஆயில் கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது அண்ணே. இவ்வளவு நாள் அதைக் கவனிக்கவில்லை. இப்போது பெட்டியையும் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியேதான், ஹோல்டர் பெட்டி வேறு, நாசில் பெட்டி வேறு. நாளைக்குப் பம்ப் கடைக்குக் கொண்டுபோகிறேன். டீசல் எப்படிப் பீய்ச்சணும், அங்கே நின்று நான் என்ன பார்க்கணும்?


ரிக் கம்ப்ரஸர் (திருச்செங்கோடு) எழுதியது:

டெஸ்டருக்குப் போவதற்கு முன்னால் நாசில் மேல் பொறித்திருக்கும் நம்பரைப் படியுங்கள். உதாரணத்துக்கு டிஎல்எல்ஏ 150 பி அல்லது எஸ் என்று ஆரம்பிக்கும். அந்த 150 என்பது டீசல் விரிந்து பீய்ச்சுகிற கோணம். எங்கள் போர்வெல் ரிக் வண்டிக் கம்ப்ரஸர் இன்ஜினுக்கு ஒரு தடவை பெட்டி சரியான பெட்டி, உள்ளே நாசில் வேறு கோணம். டெஸ்டரில் அருமையாக அடித்தது, ஒழுகலும் இல்லை, பிரஷரும் கச்சிதம். இன்ஜினில் போட்டால் ஒரே கரி. டீசல் பிஸ்டன் குழிக்குள் விழாமல் விளிம்பில் போய் அடித்திருக்கிறது. பழைய நாசிலைக் கையில் வைத்துக்கொண்டு ஆறையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். டெஸ்டர் இந்தத் தப்பைக் காட்டிக் கொடுக்காது.


பம்ப்கடை எழுதியது:

ரிக் அண்ணன் சொன்னது ரொம்பச் சரி. பழைய நாசில் நம்பரை மட்டும் நம்பாமல் பார்ட்ஸ் கேட்லாக்கில் இன்ஜின் நம்பரை வைத்தும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முன்பு மாற்றினவர் எதைப் போட்டாரோ யார் கண்டது.

பீய்ச்சல் பற்றி. நாங்கள் நாசிலுக்குக் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரிப்போம். ஒரே ஒரு வேகமான அடி. தாளில் ஐந்து துளைக்கு ஐந்து ஈரப் பொட்டு விழணும். பொட்டின் ஓரம் மங்கலாகப் பரவியிருந்தால் நன்றாகப் பொடிந்து வந்திருக்கிறது. ஒரு பொட்டு மட்டும் சின்னதாக, நடுவில் நனைந்து, எழுத்து பின்பக்கம் தெரிகிற அளவுக்கு ஊறியிருந்தால் அந்தத் துளையில் டீசல் கோடாக வருகிறது என்று அர்த்தம். நாலு பொட்டுதான் விழுந்தது என்றால் ஒரு துளை அடைப்பு. புதுசிலும் பார்த்திருக்கிறேன். மூடியைக் கழற்றி மேஜையில் போட்டு வைத்தால் தூசி போகாமல் என்ன செய்யும்?

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஐந்து பொட்டும் ஒரே வட்டத்தில் விழவில்லையே என்று நல்ல நாசிலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சிலிண்டருக்கு இரண்டு வால்வு இருக்கும் ஹெட்டில் இன்ஜெக்டர் சாய்வாக உட்காரும். அதற்கு ஏற்றபடி துளைகளையும் வேறு வேறு கோணத்தில்தான் போடுவார்கள். தாளை நேராகப் பிடித்தால் பொட்டுகள் கோணலாகத்தான் விழும். அதே நம்பர் உள்ள இன்னொரு நாசிலோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒரே மாதிரி கோணலாக இருந்தால் சரி.

சத்தமும் கேளுங்கள். கைப்பிடியை மெதுவாக இறக்கும்போது நாசில் கிர்ரென்று அதிரணும். நீடில் தடங்கல் இல்லாமல் திறந்து மூடுகிறது என்பதற்கு அது அடையாளம். ஊமையாகச் சலசலவென்று வந்தால் பிரித்துக் கழுவிப் பார்க்கணும்.


சங்ககிரி லாரி எழுதியது:

சரி, ஒத்துக்கிறேன், ஹோல்டரும் நாசிலும் தனித்தனியா வந்திருந்தா பார்க்கத்தான் வேணும். ஆனா டெஸ்டரில் பீய்ச்சும்போது கையைக் கிட்ட கொண்டுபோகாதீங்க. எங்க பட்டறையில் கிளீனர் பையன் "காத்து வருதா"ன்னு விரலை நீட்டினான். ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரிஞ்சது, வலிகூட இல்லை. ராத்திரிக்குள்ள விரல் வீங்கிக் கறுத்துப்போச்சு. ஆபரேஷன் செய்துதான் காப்பாத்தினாங்க.


பம்ப்கடை எழுதியது:

இதை எல்லாரும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள். அந்தப் பிரஷரில் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். சின்னப் புள்ளிதானே என்று மஞ்சள் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரி, எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லணும். கண்ணாடி போடுங்கள். பக்கத்தில் பீடி, வெல்டிங் எதுவும் ஆகாது, பொடிந்த டீசல் சட்டென்று பற்றும்.

நாங்கள் டெஸ்டரில் ஊற்றுவது ஐஎஸ்ஓ 4113 டெஸ்ட் ஆயில். சில பட்டறையில் பங்க் டீசலையே ஊற்றுகிறார்கள். ஒழுகலும் பீய்ச்சலும் பார்க்க அது போதும்தான். மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம், ரொம்ப மெலிசு, நல்ல நாசில்கூட ஒழுகுகிற மாதிரி காட்டும்.


பத்துச்சக்கரம் எழுதியது:

போய் வந்தேன். நானும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

நம்பர் ஆறும் ஒன்று, பழசோடும் கேட்லாக்கோடும் ஒத்துப்போகிறது. நாலு இன்ஜெக்டர் மேனுவல் அளவுக்கு 3 பார் முன்னே பின்னே. ஒன்று மட்டும் 30 பார் கீழே திறந்தது. இன்னொன்று அளவில் சரியாகத் திறந்தது, ஆனால் 10 வினாடி பிடிக்கையில் ஐந்தாவது வினாடியிலேயே நுனியில் சொட்டு சேர்ந்து விழுந்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி அடித்தும் அதே கதை.

30 பார் குறைவாக இருந்ததைப் பிரித்தார்கள். உள்ளே ஷிம் மெலிசாக இருந்தது. கனமான ஷிம் ஒன்றைப் போட்டு முடுக்கினதும் அளவுக்கு வந்துவிட்டது. ஒழுகினதை எடுத்துக்கொண்டு விற்ற கடைக்குப் போனேன். "பிரித்ததை எடுக்க மாட்டோம்" என்றார்கள் முதலில். பம்ப் கடைக்காரரே போனில் பேசி, சொட்டு விழுகிற வீடியோவையும் அனுப்பினார். முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு நாசில் கொடுத்தார்கள். அது ஒழுகவில்லை.

ஒரு சந்தேகம். ஷிம் எவ்வளவு கனம் போட்டால் எவ்வளவு ஏறும் என்று கணக்கு இருக்கிறதா?


பம்ப்கடை எழுதியது:

0.1 மில்லிமீட்டருக்கு 10 பார் என்று சுமாராகப் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்போம். ஸ்பிரிங்குக்கு ஸ்பிரிங் மாறும், சிலதில் இரண்டு மடங்குகூட ஏறும். அதனால் போட்டு, அடித்துப் பார்த்து, மறுபடி மாற்றுவதுதான் வழி. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று நாலு மெலிசு ஷிம் அடுக்குகிறவர்கள் உண்டு, அது வேண்டாம். கனமாக ஒன்று போடுங்கள்.

நாசிலை ஹோல்டரோடு பிடிக்கிற கேப் நட்டைக் கண்டபடி முறுக்கினாலும் நாசில் உடம்பு இறுகி நீடில் பிடித்துக்கொள்ளும். டார்க் ரெஞ்சு போடாத கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஒன்றின் நீடிலை எடுத்து இன்னொன்றில் போடுவதும் ஆகாது. நீடிலும் நாசில் உடம்பும் ஜோடியாகத் தேய்த்துச் சேர்த்தது.

இனி மாட்டுகிற வேலை. ஆறு இன்ஜெக்டரும் சரியாக இருந்தும் மாட்டுவதில் கோட்டை விட்டால் எல்லாம் வீண். பழைய இன்ஜெக்டரை உருவும்போது காப்பர் வாஷர் கூடவே வந்ததா என்று எண்ணுங்கள். ஆறு வாஷர் கையில் இருக்கணும். ஐந்துதான் இருந்தால் ஒன்று ஹெட் குழிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தாலும் கரியோடு கரியாக ஒன்றும் தெரியாது. கம்பியை வளைத்துச் சுரண்டினால் செம்பு பளிச்சென்று தெரியும். அதன் மேலேயே புது வாஷரைப் போட்டு முடுக்கினால் நுனி மேலே தூக்கிக்கொள்ளும், டீசல் விழ வேண்டிய இடத்தில் விழாது. அதுவும் கறுப்புப் புகைதான். அப்புறம் நாசிலைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். வாஷர் கனமும் பழைய கனமே இருக்கணும், கடையில் கையில் கிடைத்ததைப் போடக் கூடாது.

துடைக்கப் பனியன் வேஸ்ட் வேண்டாம். திருப்பூர் வேஸ்ட் ஆயில் துடைக்க நல்லது, அதன் நூல் பிசிறு ஒன்று பைப் வாய்க்குள் போனால் நேராக நாசில் துளைக்குத்தான் போகும். நுனியில், பைப் வாயில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கடைசி நிமிஷத்தில் கழற்றுங்கள்.


பத்துச்சக்கரம் எழுதியது:

நாலாவது சிலிண்டரில் இரண்டு வாஷர் இருந்தது அண்ணே! பழசே அப்படித்தான் ஓடியிருக்கிறது. முன்பு மாட்டினவர் யாரோ. இப்போது சுத்தமாக எடுத்துவிட்டு ஒன்று போட்டாச்சு. ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டோம். ஏர் எடுத்ததும் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. காலையில் புகை இல்லை. நாளைக்குச் சிமெண்ட் லோடு, ஏற்றத்தில் எப்படிப் போகிறது என்று பார்க்கணும்.


மலைப்பாதை (தர்மபுரி) எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது பிஎஸ் 4, காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போவது), ஆறு சிலிண்டர். ஒரு இன்ஜெக்டர் போய்விட்டது என்று ஸ்கேனரில் காட்டியது, புதுசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இதையும் இதே கை டெஸ்டரில் அடித்துப் பார்த்துவிடலாமா? பக்கத்துப் பட்டறையில் "அடிச்சுக் காட்டுறேன்" என்கிறார்கள்.


ரெயில்பிரஷர் எழுதியது:

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

இதுவரை பேசினது எல்லாம் ஸ்பிரிங்கை எதிர்த்து டீசலே நீடிலைத் தூக்குகிற பழைய இன்ஜெக்டருக்கு. அதற்குப் பம்ப்கடை அண்ணன் சொன்னது ஒவ்வொன்றும் சரி. காமன் ரெயிலில் நீடிலுக்கு மேலேயும் பிரஷர், கீழேயும் பிரஷர். இன்ஜெக்டரில் இருக்கும் மின்காயிலுக்குக் கரண்ட் வந்து மேல் பக்கத்துப் பிரஷரை ரிட்டனுக்கு (டீசல் டேங்குக்குத் திரும்பும் வழி) திறந்துவிட்டால்தான் நீடில் எழும்பும். கை டெஸ்டரில் எவ்வளவு அழுத்தினாலும் நல்ல இன்ஜெக்டர் பீய்ச்சாது. ரெயிலில் ஓடுவதோ 1600 பார், சில வண்டியில் அதற்கும் மேல். கையால் அடிக்கிற சில நூறு பாரில் என்ன தெரியப்போகிறது? டெஸ்டரில் இருக்கும் அழுக்கு எண்ணெய் உள்ளே போவதுதான் மிச்சம்.

"அடித்துக் காட்டுகிறேன்" என்பவர் பெரும்பாலும் நாசிலைக் கழற்றிப் பழைய ஹோல்டரில் மாட்டி அடிப்பார். கழற்றின நிமிஷமே கேரண்டி போச்சு, உள்ளே இருந்த அளவும் போச்சு.

இன்னொன்று. பேட்டரியிலிருந்து 24 வோல்ட் வயரைக் காயிலில் தொட்டு "டிக்" என்று சத்தம் கேட்கிறதா பார்ப்பார்கள். இசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரம்தான் கரண்டை விடும், அதையும் அளந்து விடும். நேரடியாகப் பேட்டரியைத் தொட்டால் காயில் வெந்துவிடும்.


மலைப்பாதை எழுதியது:

அப்படியென்றால் புது காமன் ரெயில் இன்ஜெக்டரை ஒன்றுமே பார்க்காமல் மாட்டணுமா? போலி சரக்கு, பழசைப் பாலிஷ் போட்டுப் புதுப் பெட்டியில் விற்பது எல்லாம் இதில்தானே அதிகம்?


ரெயில்பிரஷர் எழுதியது:

பிரிக்காமல் பார்க்க நிறைய இருக்கிறது.

பெட்டி சீல், பாதுகாப்பு லேபிள் இரண்டையும் பாருங்கள். பெரிய கம்பெனிப் பெட்டியில் போனில் ஸ்கேன் செய்து சரிபார்க்கிற லேபிள் இருக்கும். பெட்டியில் உள்ள பார்ட் நம்பரும் இன்ஜெக்டர் உடம்பில் பொறித்த நம்பரும் ஒன்றாக இருக்கணும். உடம்பில் ஸ்பானர் பட்ட தழும்பு, நுனியில் கரி நிறம், மேலே பெயிண்ட் இதெல்லாம் இருந்தால் அது எங்கேயோ ஓடி வந்தது. கனெக்டர் பின்களைப் பாருங்கள், புதுசில் கோடு விழுந்திருக்காது. பின்னில் சொருகின தடம் இருந்தால் பெட்டி மட்டும்தான் புதுசு.

மீட்டர் வைத்துப் பாருங்கள். சோலினாய்டு காயில் என்றால் ஒரு ஓமுக்கும் கீழே, 0.3 சுற்று வட்டாரத்தில் காட்டும். சாதா மீட்டரில் வயரே அவ்வளவு காட்டும். அதனால் முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு வருவதைக் குறித்துக்கொண்டு, அதைக் கழியுங்கள். அப்புறம் பின்னுக்கும் உடம்புக்கும் நடுவில் வையுங்கள். தொடர்பே காட்டக் கூடாது. காட்டினால் காயில் பாடியில் அடிக்கிறது. அந்த ஒன்றால் மற்ற சிலிண்டர்களும் நிற்கும், இசியூவே போக வாய்ப்பு இருக்கிறது.

பல வண்டிகளில் இன்ஜெக்டர் தலையில் ஒரு குறியீடு இருக்கும். ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு டீசல் விடுகிறது என்று கம்பெனியில் அளந்து போட்ட எண். மாட்டுவதற்கு முன்பே போட்டோ எடுத்து வையுங்கள், மாட்டின பிறகு வால்வ் கவருக்குள் போய்விடும். ஸ்கேனரில் அதை ஏற்றணும். ஏற்றும்போது இன்ஜினின் முன்பக்கத்திலிருந்து எண்ணுகிற சிலிண்டர் வரிசையில் கொடுங்கள். 1-5-3-6-2-4 என்ற ஃபயரிங் ஆர்டரில் (சிலிண்டர்கள் எரிகிற வரிசை) கொடுத்துவிட்டு, ஐடிலில் (மிதிக்காமல் நிற்கும்போது) இன்ஜின் ஆடுகிறது என்று புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சில இன்ஜினில் இந்தக் குறியீடே கிடையாது, அங்கே கவலை இல்லை.

இவ்வளவுக்கும் மேல் சந்தேகம் இருந்தால் காமன் ரெயில் பெஞ்ச் வைத்திருக்கும் டீலரிடம் கொடுங்கள். ஃபுல் லோடு, ஐடில், பைலட் (முதலில் விடும் சின்னப் பீய்ச்சல்), ரிட்டன் என்று ஒவ்வொரு நிலையிலும் எத்தனை கன மில்லிமீட்டர் வருகிறது என்று அச்சடித்தே கொடுப்பார்கள். ஒரே ஒரு இன்ஜெக்டர், சீல் உடையாத கம்பெனிப் பெட்டி என்றால் நான் அந்தச் செலவை உங்கள் டேங்கைக் கழுவப் போடச் சொல்வேன். பழசு ஏன் போனது என்று பார்த்தீர்களா?


சங்ககிரி லாரி எழுதியது:

பிஎஸ் 4-ன்னாலே காமன் ரெயில்னு நினைச்சுடாதீங்க. லேலண்ட்ல 2017-ல வந்த பிஎஸ் 4 வண்டி பலதுல இன்லைன் பம்ப்தான், ஐஇஜிஆர்னு புகையைக் குறைக்கிற ஏற்பாட்டைப் போட்டு விட்டாங்க. அந்த வண்டிக்காரங்க முதல்ல சொன்னதைப் படிங்க.


ரெயில்பிரஷர் எழுதியது:

நல்ல குறிப்பு. பானட்டைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆறு பைப்பும் ஒரு தடித்த குழாயில் போய்ச் சேர்ந்தால் காமன் ரெயில், நேராகப் பம்ப் தலைக்குப் போனால் இன்லைன்.


மலைப்பாதை எழுதியது:

டேங்க் கழுவினேன். அடியில் ஒரு டம்ளர் தண்ணீரும் செம்மண் மாதிரி துருவும் வந்தது. வாட்டர் செப்பரேட்டர் ஃபில்டரைப் பிழிந்தால் அதிலும் தண்ணீர். வடக்கே ஒரு நடையில் ரோட்டோரத்தில் மலிவாக பயோ டீசல் என்று விற்றதை டிரைவர் போட்டிருக்கிறார்.

புதுசை மாட்டினோம். மீட்டரில் எல்லாம் சரி. மாட்டின பிறகும் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது, ரெயில் பிரஷர் ஏறவில்லை என்று ஸ்கேனர் காட்டுகிறது. புது இன்ஜெக்டரே ரிட்டன் விடுகிறது, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். வேறு ஒன்றுக்கு ஆர்டரும் சொல்லிவிட்டார். பைப் நட்டை லூஸ் செய்து பார்க்கட்டுமா என்று கேட்கிறார்.


ரெயில்பிரஷர் எழுதியது:

நட்டை லூஸ் செய்யவே கூடாது. பழைய வண்டியில் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்த்தோம். இங்கே அதே வேலையைச் செய்தால் சங்ககிரி அண்ணன் சொன்ன கிளீனர் பையன் கதைதான், பல மடங்கு பிரஷரில்.

உங்கள் இன்ஜினில் ஹெட்டின் பக்கவாட்டிலிருந்து ஒரு இரும்புக் குழாய் உள்ளே போய் இன்ஜெக்டர் வயிற்றில் முட்டுகிறதா? அப்படியானால் ரிட்டன் ஹெட்டுக்குள்ளேயே ஒன்றாகச் சேர்ந்து வரும், காரில் வைக்கிற மாதிரி ஆளுக்கொரு பாட்டில் வைத்து அளக்க முடியாது. ஹெட்டிலிருந்து வரும் மொத்த ரிட்டனை ஒரு அளவு ஜாரில் பிடியுங்கள். பிறகு இன்ஜினை நிறுத்தி, பிரஷர் இறங்கும் வரை விட்டு, ரெயிலில் ஒரு சிலிண்டரின் பைப்பைக் கழற்றி அந்த வாயை அடைக்கிற மூடி போட்டு மறுபடி அளக்கணும். எதை அடைத்தால் ரிட்டன் சட்டென்று குறைகிறதோ அந்த சிலிண்டரில்தான் கசிவு.

இன்ஜெக்டர் குற்றவாளி என்று அப்போதும் முடிவு கட்டாதீர்கள். அந்தக் குழாயின் கூம்பு நுனி சரியாக உட்காரவில்லை என்றாலும் டீசல் ரிட்டனில்தான் போகும், ஸ்கேனருக்கு இரண்டும் ஒன்றுதான். மாட்டும்போது எந்த வரிசையில் முடுக்கினீர்கள்? முதலில் இன்ஜெக்டரை லேசாக அமர்த்தி, போல்ட்டைத் தளர்த்தி, குழாயைக் கொஞ்சம் முடுக்கி, அது இன்ஜெக்டரின் வாயைத் தேடிக்கொண்ட பிறகு இன்ஜெக்டர் போல்ட்டை முழு டார்க்கில் முடுக்கி, கடைசியாகக் குழாய் நட்டை முழு டார்க் கொடுக்கணும். உங்கள் இன்ஜின் மேனுவலில் அளவோடு இருக்கும். இன்ஜெக்டரை முதலிலேயே இறுக்கிவிட்டால் குழாய் கோணலாக முட்டும்.


மலைப்பாதை எழுதியது:

அளந்தோம். மூன்றாவதை அடைத்ததும் ரிட்டன் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. புதுசு மாட்டினதும் அதில்தான். இன்ஜெக்டரை முழுசாக முடுக்கிவிட்டுத்தான் குழாயை வைத்தோம் என்கிறார் மெக்கானிக். குழாயைக் கழற்றிப் பார்த்தால் கூம்பில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்த கோடு, மறுபக்கம் முட்டின தடமே இல்லை. அதையே திருப்பி வைத்து முடுக்கலாமா?


ரெயில்பிரஷர் எழுதியது:

வைக்காதீர்கள். ஒரு பக்கம் நசுங்கின கூம்பு மறுபடி சீல் ஆகாது. புதுக் குழாய் ஒன்று வாங்குங்கள், இன்ஜெக்டரை விடக் காசு ரொம்பக் குறைவு. இன்ஜெக்டர் வாயில் கோடு விழுந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் அதே இன்ஜெக்டரைப் புது வாஷர், புது ஓ-ரிங் போட்டு, சொன்ன வரிசையில் முடுக்கி, ரிட்டனை மறுபடி அளந்து எழுதுங்கள். ஆர்டர் சொன்ன இன்னொரு இன்ஜெக்டரை இப்போதே போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள், எலக்ட்ரிகல் ஐட்டம் என்று பிறகு திருப்பி எடுக்க மாட்டார்கள்.